உப்பறையின் கடைசிக் காட்சி

லியோனி பிராக் அம்மையாரின் வீட்டை நாங்கள் அடைந்தபோது பிற்பகல் இரண்டு மணி. குவீன்ஸ்டவுனில் அன்று காலை முதலே மழை. மரமற்ற குன்றுகளிலிருந்து செம்மண் நீர் இறங்கித் தெருவோரச் சாக்கடையில் கலந்துகொண்டிருந்தது. சுரங்கத் தொழிலாளருக்காக ஒரு காலத்தில் கட்டப்பட்ட மரப்பலகை வீடு அது. தகரக் கூரை. வாசலில் ஒரு ஜோடி ரப்பர் காலணிகள் தண்ணீர் தேங்காதபடி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. கடல் அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆயினும் வாசற்படியில் கால் வைத்ததும் எனக்குக் கடலின் வாடை அடித்தது. பாறையில் காய்ந்த கடற்பாசியின் வாடை.

உடன் வந்த இருவரும் அதை உணர்ந்ததாகத் தெரியவில்லை.

"கேமராவ இப்பவே ஓட விடு, ஓடெட்," என்றார் மெரிக். "கதவத் திறக்குறப்ப அந்தம்மா மூஞ்சி வேணும் எனக்கு."

"நனையுது மெரிக், கொஞ்சம் இரு."

"பாதிரியாரே, நீங்க முன்னால நில்லுங்க. உங்களப் பாத்தாதான் சந்தேகம் வராது."

பாதிரியார் என்று அவர் அழைத்தது என்னைத்தான். என் பெயர் ரூபர்ட் ஹாலம். தேவாலயத்துக்கும் எனக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. வாசகர் கடிதங்களுக்கு நான் எழுதும் பதில்கள் அளவுக்கு மீறிப் பணிவாக இருக்கின்றன என்பதால் மெரிக் எனக்கு இட்ட பெயர் அது.

நாங்கள் ஏன் அங்கே போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது.

ஹோபார்ட்டில் நாங்கள் மூவரும் சேர்ந்து 'கடைசி வரிசை' என்ற இணையதளத்தைப் பதினோரு ஆண்டுகளாக நடத்தி வந்தோம். எந்தத் திரையரங்கிலும் ஓடாத விசித்திரமான படங்களையும், கலைக்கூடங்களின் இருட்டறையில் மட்டும் ஓடும் காணொளிகளையும் வெள்ளிக்கிழமைதோறும் பரிந்துரைப்போம். ஆறு மணி நேரம் ஒரு தொழுவத்தின் கதவு மட்டும் தெரியும் படம்; பேச்சு முழுவதும் பின்னோக்கி ஒலிக்கும் படம்; இவ்வாறானவை. மெரிக் டன்ஸ்டன் முன்பு கல்லூரியில் திரைப்படம் கற்பித்தவர். ஓடெட் ஃபாரோ காணொளிக் கலைஞர். நான் ஒரு நூலக எழுத்தர்.

எங்களிடம் ஒரு விதி இருந்தது. முழுவதும் பார்க்காத படத்தை யாரும் பரிந்துரைக்கக் கூடாது. அதற்குச் சான்றாக, ஒரு படத்தை முதலில் பதிவு செய்பவர் அதன் கடைசிக் காட்சியை ஒரு பூட்டிய பெட்டியில் எழுதி வைக்க வேண்டும். கணினியில் அந்தப் பெட்டியை அவரைத் தவிர வேறு எவராலும் திறக்க இயலாது. பின்னர் அதே படத்தைப் பற்றி யார் எழுதினாலும், அவர்கள் எழுதும் கடைசிக் காட்சியும் அவரிடமே வந்து சேரும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து அவர் ஒப்புதல் தருவார்.

விதியோடு ஒரு வழக்கமும் இருந்தது. புதிதாகப் பரிந்துரையாளராகச் சேர விரும்புவோருக்கு ஜூன் மாதத்தில் பன்னிரண்டு படங்களின் பெயர்களைக் கொடுத்து, பார்த்தவற்றைப் பற்றி எழுதச் சொல்வோம். அவற்றுள் ஒன்று உலகிலேயே இல்லாத படம். இல்லாத படத்தைப் பார்த்ததாகப் புளுகுபவர்களின் பெயரும் அவர்கள் எழுதியதும் 'ஞானக்கண் பெற்றோர்' என்ற பக்கத்தில் வெளியாகும். எங்கள் தளத்தில் மிகுதியாக வாசிக்கப்பட்ட பக்கம் அதுதான்.

அந்த ஆண்டு இல்லாத படத்தை உருவாக்கும் முறை என்னுடையது. 'உப்பறை' என்று பெயரிட்டேன். ஆண்டு 1978. நீளம் நாற்பத்தொரு நிமிடம். தரையெல்லாம் உப்புப் பரப்பிய ஓர் அறையில் ஒரு பெண் நமக்கு முதுகு காட்டி அமர்ந்திருக்கிறார், பேச்சே இல்லை என்று இரண்டு வரி எழுதினேன். கடைசிக் காட்சிப் பெட்டியை நிரப்பாமல் கணினி ஏற்கவில்லை. எனவே தோன்றியதைத் தட்டச்சு செய்தேன்: "பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, பெண்ணின் தலைமுடியில் ஒட்டியிருக்கும் உப்பை மெதுவாகத் தட்டி விடுகிறது."

அவ்வாண்டு ஒன்பது பேர் விண்ணப்பித்தார்கள். உப்பறையைப் பார்த்ததாக எழுதியவர் ஒருவர்தான். குவீன்ஸ்டவுன் லியோனி பிராக். வயது ஐம்பத்தாறு. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. பள்ளியை இடையில் விட்டவர், எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று விண்ணப்பத்தின் மேலேயே எழுதியிருந்தார். ஊர்க் குப்பைமேட்டருகே பழைய பொருள்கள் விற்கும் கடையில் ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெட்டி நிறையப் பழைய வீடியோ கேசட்டுகள் வாங்கியதாகவும், அவற்றில் ஒன்று இது என்றும் எழுதியிருந்தார். மெரிக் படித்துவிட்டு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அன்றே அதை ஞானக்கண் பக்கத்தில் ஏற்றிவிட்டார்.

லியோனி எழுதிய கடைசிக் காட்சி மறுநாள்தான் என் பார்வைக்கு வந்தது.

"பின்னாடி இருந்து ஒரு கை வரும். அந்த அம்மா தலைமுடியில் இருக்கும் உப்பை மெதுவாக தட்டி விடும். அந்தக் கை ரொம்ப அன்பாக இருக்கும்."

நான் யாரிடமும் சொல்லாதது. நானே இட்டுக்கட்டியது.

அதைப் படித்தபின் நான் எழுந்து கைகளை வெந்நீரில் வைத்துக்கொண்டது நினைவிருக்கிறது. விரல்கள் அவ்வளவு குளிர்ந்திருந்தன. மெரிக்கிடம் உடனே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பக்கம் வெளியாகிவிட்டது. நானூறு பேர் சிரித்துக் கருத்து எழுதிவிட்டார்கள். எதிர்த்துப் பேசிப் பழகாதவன் நான். நாளை சொல்லலாம் என்று இருந்தேன். நாளை மறுநாளும் அப்படியே இருந்தேன்.

லியோனி எனக்குத் தனியாக ஒரு மடல் அனுப்பினார். தாம் பொய் சொல்லவில்லை என்றும், கேசட் தம்மிடம் இருக்கிறது என்றும், நேரில் வந்தால் காட்டுவதாகவும் எழுதியிருந்தார். அம்மடல் மெரிக்கின் கண்ணில் பட்டுவிட்டது.

"போவோம்," என்றார் அவர். "ஓடெட் படம் புடிக்கட்டும். இல்லாத படத்த அந்தம்மா எப்படிக் காட்டுறாங்கன்னு பாப்போம். பாதிரியாரே, உங்க பாணியில ஒரு பதில் எழுதுங்க. தேன் ஒழுகணும்."

எழுதினேன். "தங்கள் இல்லத்துக்கு வந்து காணும் பேற்றினை எங்களுக்கு அளிக்க வேண்டுகிறோம்" என்று எழுதினேன்.

கதவு திறந்தது.

"வாங்க, வாங்க. மழையக் கையோட கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

குள்ளமான, பருத்த உருவம். சலவை நீராவியில் சிவந்துபோன கைகள். அன்றுதான் சுருட்டிவிடப்பட்ட நரைமுடி. கம்பளிச் சட்டையின் பொத்தான்களை ஒன்று தள்ளி மாற்றிப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நீங்கதான ரூபர்ட்? எழுத்தப் பாத்தே நெனச்சேன், ஒல்லியாத்தான் இருப்பீங்கன்னு."

"அம்மணி, இந்தக் கேமரா சும்மா ஒரு ஞாபகத்துக்கு," என்றார் மெரிக். "சங்கடம் ஒண்ணும் இல்லையே?"

"ஐயோ, என்னப் போயி எடுக்குறீங்களே. எங்கூட வேல பாக்குற நோரின்கிட்ட சொன்னேன், நம்பவே மாட்டேங்குறா. 'உன்னக் கிண்டல் பண்ணத்தான் வர்றாங்க, லூசு'ங்கிறா." லியோனி வாய்விட்டுச் சிரித்தார். "கிண்டல் பண்றவங்க நாலு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வருவாங்களா? நீங்களே சொல்லுங்க."

ஓடெட் குனிந்து கேமராவைச் சரிசெய்துகொண்டார்.

கூடத்தில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தேநீரும், தேங்காய்த்துருவல் தூவிய லாமிங்டன் கேக்கும் மேசையில் தயாராக இருந்தன. சுவரோரம் ஓர் அலமாரி நிறைய அட்டைக் கோப்புகள். பதினோரு ஆண்டுகளாக நாங்கள் வெளியிட்ட ஒவ்வொரு வெள்ளிக்கிழமைப் பட்டியலையும் அச்செடுத்து, துளையிட்டு, தேதிவாரியாக அடுக்கியிருந்தார். ஓரங்களில் பென்சிலால் குறிப்புகள். நாங்களே அப்படியொரு தொகுப்பை வைத்திருக்கவில்லை.

"இது என்னங்க, எல்லாத்தையும் பாத்துட்டீங்களா?" என்று ஓடெட் கேட்டார். அவர் குரலில் உண்மையான வியப்பு இருந்ததாகவே நினைக்கிறேன்.

"கெடச்சத எல்லாம் பாத்துட்டேன். அந்தத் தொழுவத்துக் கதவு படம் இருக்கே, அத லீவு போட்டுப் பாத்தேன். நாலாவது மணி நேரத்துல ஒரு ஈ வந்து உக்காருமே! அழுதுட்டேன் போங்க."

மெரிக் என் பக்கம் திரும்பிக் கண் சிமிட்டினார்.

"அந்தப் பக்கத்துல என்னென்னமோ எழுதியிருந்தாங்க," என்றார் லியோனி, தேநீரை ஊற்றியபடி. "நான் பாதிக்கு மேல படிக்கல. வார்டுல ஒருத்தி அத அச்செடுத்துச் சலவ மெஷின் மேல ஒட்டி வெச்சிருந்தா. போகட்டும். எனக்குப் பரிந்துரையாளர் வேலகூட வேணாம். நீங்க மூணு பேரும் இன்னிக்குப் பாத்துட்டு, 'ஆமா, படம் இருக்கு'ன்னு ஒரு வரி எழுதிட்டாப் போதும். ஒரே வரி."

அந்த ஒரு வரி என்னிடம் ஏற்கெனவே இருந்தது. தேநீர்க் கோப்பையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

திரைச்சீலைகளை இழுத்து மூடினார். கனத்த பழைய தொலைக்காட்சிப் பெட்டி. கேசட்டை உள்ளே தள்ளியதும் ஏதோ மெல்வது போன்ற ஓசை எழுந்தது.

திரையில் புள்ளிகள். வெறும் சாம்பல்நிறப் புள்ளிகள், கொதிப்பது போல.

மெரிக் இருமினார். சிரிப்பை அடக்கும்போது அவர் இருமுவார். ஓடெட் தம் கேமராவை லியோனியின் முகத்துக்கு நேராக நிறுத்தினார். நானும் புள்ளிகளைத்தான் பார்த்தேன். பத்து மூச்சுவிடும் நேரம் அப்படியே பார்த்திருப்பேன்.

பிறகு அவை கீழ்நோக்கி விழத் தொடங்கின.

அது உப்பு.

மேலிருந்து கொட்டிய உப்பு ஒரு தரையை மூடியது. தரையைச் சுற்றிச் சுவர்கள் எழுந்தன. நடுவில் ஒரு நாற்காலியில் ஒரு பெண், எங்களுக்கு முதுகு காட்டி அமர்ந்திருந்தார். கூடத்தில் கடற்பாசி வாடை கனத்தது. எங்கோ மிக அருகில், உப்பின் மீது கால் மாற்றி வைக்கும் ஓசை. நறுக். சிறிது நேரம் கழித்து மீண்டும் நறுக்.

"அம்மணி, இப்ப என்ன தெரியுது? கொஞ்சம் வெளக்கமாச் சொல்லுங்க," என்றார் மெரிக், மிகவும் இனிமையாக.

"தெரியுதே. அந்தம்மா உக்காந்திருக்காங்க. இடது தோளு கொஞ்சம் எறங்கியிருக்கு, பாருங்க. இப்ப மூச்சு விடுவாங்க."

அவர் சொல்வதற்கு ஒரு கணம் முன்பே அந்தத் தோள் உயர்ந்து தாழ்வதை நான் பார்த்துவிட்டேன்.

"ஆகா," என்றார் மெரிக். "அப்புறம்?"

நாற்பத்தொரு நிமிடம் லியோனி தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லாம் அப்படியே நடந்தது. சுவரில் ஈரம் படர்ந்தது. பெண்ணின் விரல்கள் நாற்காலியின் ஓரத்தை ஒருமுறை தடவின. மெரிக் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மூன்று லாமிங்டன்களை உண்டார். நான் கண்களை இமைக்கவும் அஞ்சி அமர்ந்திருந்தேன்.

பின்னாலிருந்து ஒரு கை நீண்டது.

தலைமுடியிலிருந்த உப்பை மெதுவாகத் தட்டிவிட்டது. லியோனி எழுதியது சரி. அந்தக் கை மிகவும் அன்பாக இருந்தது.

"அவ்வளவுதான்," என்று லியோனி பெருமூச்சுவிட்டார். "இதோட முடிஞ்சுது."

முடியவில்லை.

அந்தப் பெண்ணுக்கு அருகே இன்னொரு நாற்காலி இருந்தது. அது எப்போது வந்தது என்று தெரியவில்லை. காலியாக இருந்தது. அதன் கால்களைச் சுற்றி உப்பு குலையவே இல்லை.

"இது என்ன?" லியோனியின் குரல் இறங்கியது. "இந்த நாற்காலி முன்னாடி கெடையாதே. எத்தன வாட்டி பாத்திருக்கேன். ரூபர்ட், இது கெடையாதுங்க."

அடக்கி வைத்திருந்த சிரிப்பை மெரிக் அப்போதுதான் அவிழ்த்துவிட்டார்.

"அம்மணி! டிவியில கொசு பறக்குது! முக்கா மணி நேரமா கொசுவுக்கு வசனம் பேசிட்டிருக்கீங்க! அந்தப் படமே கெடையாது, தெரியுமா? நம்ம பாதிரியார் ஆபீஸ்ல உக்காந்து பிஸ்கட் தின்னுட்டே எழுதுனது அது!"

ஓடெட்டும் சிரித்தார். சிரிப்பில் கேமரா குலுங்கியது. லியோனி அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"ரூபர்ட். நீங்க சொல்லுங்க."

மெரிக்கும் என்னைப் பார்த்தார். கேமராவும் என் பக்கம் திரும்பியது.

"மன்னிக்கணும், லியோனி," என்றேன். "எனக்கு ஒண்ணும் தெரியல."

"உங்க கண்ணு அந்த நாற்காலிக்குப் போச்சே. நான் பாத்தேன்."

"அப்படி இருக்காதுங்க."

அவர் தலையை மெல்ல அசைத்தார். கோபப்படவில்லை. எழுந்து தொலைக்காட்சியை அணைத்தார். மீந்திருந்த கேக்குத் துண்டுகளைக் காகிதத்தில் பொதிந்து என் கையில் கொடுத்தார்.

"திரும்பப் போறப்ப வழியில பசிக்கும்," என்றார்.

காரில் அவற்றையும் மெரிக்தான் உண்டார். "பொய் சொன்னாலும் கேக்கு அருமையாச் செஞ்சிருக்கா," என்றார்.

ஓடெட் அன்று எடுத்ததைத் தொகுத்து உருவாக்கிய, நாற்பத்து நான்கு நிமிடம் ஓடும் காணொளியில் லியோனியின் முகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஓடெட் அதற்கு 'பார்வையாளர்' என்று பெயரிட்டார். முதலில் சிரிப்பதற்காகத்தான் வெளியிட்டோம். பின்னர் அது வேறுவிதமாகப் பரவியது. இல்லாத ஒன்றைக் காணும் முகத்தின் பேரழகு என்று எங்கோ யாரோ எழுதினார்கள். ஹோபார்ட் துறைமுகத்தருகே ஒரு கலைக்கூடம் அதை இருட்டறையில், சுவரளவு பெரிதாக, நாள் முழுவதும் திரையிட்டது. வெள்ளிக்கிழமைப் பட்டியலில் அதைப் பரிந்துரைத்து இருநூறு சொற்கள் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. எழுதினேன். "கனிவு நிறைந்த படைப்பு" என்று எழுதினேன்.

லியோனி மீண்டும் எனக்கு எழுதவே இல்லை.

செப்டம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் நூலகத்துக்குத் தொலைபேசி வந்தது.

"ரூபர்ட் ஹாலம்ங்கிறது நீதானா?"

"ஆமாங்க. பேசுறது யாருன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"அடேங்கப்பா, என்னா மரியாத! நான் நோரின். லியோனிகூடப் பதினெட்டு வருஷம் துணி மடிச்சவ. அவ போயிட்டா."

நான் எதையோ சொல்ல முயன்றேன்.

"வாய மூடிட்டுக் கேளு. வெள்ளிக்கெழம வேலைக்கு வரல. வீட்டுக்குப் போனேன். டிவி முன்னாடி முதுகக் காட்டிட்டு உக்காந்திருந்தா. டிவியில சும்மா கொசு பறக்குது. லியோனி, லியோனின்னு கூப்புட்டேன். டாக்டரு நெஞ்சுவலிங்கிறாரு. இருக்கட்டும். ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. தல பூரா வெள்ளையா எதுவோ ஒட்டிக் கெடந்துச்சு. அப்படியே கெடக்கட்டும்னு விட மனசு வரல. பின்னாடி நின்னு என் கையாலதான் தட்டி விட்டேன். அப்புறம் தெரியாமக் கைய வாயில வெச்சுட்டேன்." அவர் குரல் உடைந்தது. "உப்புய்யா அது. உப்பு."

"மனதார வருந்துகிறேன், அம்மா."

"உன் வருத்தத்த நீயே வெச்சுக்க. கேசட்டு மேல உம் பேர எழுதி வெச்சிருக்கா. அனுப்பி விடுறேன். அந்தக் கருமம் எனக்கு வேணாம்."

அன்று மாலையே மெரிக்குக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பூட்டிய பெட்டியில் நான் எழுதியதும் லியோனி எழுதியதும் ஒன்றே என்பதை எழுதினேன். அந்தக் கூடத்தில் படம் எனக்கும் தெரிந்தது என்பதை எழுதினேன். என் வாழ்நாளில் பணிவின்றி எழுதிய ஒரே மடல் அது. அரைமணி நேரத்தில் அவர் தொலைபேசியில் அழைத்தார்.

"பாதிரியாரே, பிரமாதம்! இவ்வளவு நாளா இதயெல்லாம் எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்தீங்க? படிக்கப் படிக்க முடி நட்டுக்கிச்சு. கலைக்கூடத்துச் செவத்துல பெருசா அடிச்சு ஒட்டச் சொல்லிட்டேன்."

"மெரிக், அது உண்மை. நான் பாத்தேன்."

"அதேதான்! அந்தக் கடைசி வரி இருக்கே, 'நான் பார்த்தேன்', அத மட்டும் சிவப்புல போடுறோம்."

இப்போதும் அது அந்தச் சுவரில்தான் இருக்கிறது. வருகிறவர்கள் அதன் அருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

கேசட் அஞ்சலில் வந்து சேர்ந்தது. பத்து நாள் அதைத் தொடவில்லை. ஆனால் யாரேனும் ஒருவரிடம் 'பார்த்தேன்' என்று சொல்லி, அவர் அதை நம்ப வேண்டும் என்ற தவிப்பு என்னை உறங்கவிடவில்லை. நம்பக்கூடியவர் லியோனி ஒருவர்தான். அவரிடமிருந்து எஞ்சியிருந்தது அந்தக் கேசட் மட்டுமே.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். திரைச்சீலைகள் அனைத்தையும் திறந்து வைத்தேன். அறை முழுவதும் வெயில். பக்கத்து வீட்டுக்காரர் புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த இரைச்சல் எனக்கு ஆறுதலாக இருந்தது. கேசட்டை உள்ளே தள்ளினேன்.

புள்ளிகள். பிறகு உப்பு.

புல்வெட்டும் ஓசை மெல்ல மெல்ல அமிழ்ந்தது, யாரோ தண்ணீருக்குள் அழுத்தியது போல.

இரண்டு நாற்காலிகளிலும் ஆட்கள் இருந்தார்கள்.

சுருட்டிவிடப்பட்ட நரைமுடி. மடியோரத்தில் தெரிந்த சிவந்த கை. அவரது முடியில் உப்பு இல்லை. யாரோ சுத்தமாகத் தட்டிவிட்டிருந்தார்கள்.

நான் எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. இறுதியில் பேசிவிட்டேன்.

"லியோனி, நான் ரூபர்ட். நான் பாத்தேன். அன்னிக்கே பாத்தேன். தயவுசெஞ்சு மன்னிச்சிடுங்க."

முதல் நாற்காலியிலிருந்த பெண்ணின் தோள் அசைந்தது. பேச்சே இல்லாத அந்தப் படத்தில், வறண்ட தொண்டையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாராவது நம்மளப் பாக்குறாங்களா?"

லியோனி திரும்பினார்.

நாற்காலியில் இருந்தபடியே மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். கண்ணாடித் திரையின் ஊடாக, நேராக என் கண்களைப் பார்த்தார். பொத்தான்கள் இப்போது சரியாகப் போடப்பட்டிருந்தன. முகத்தில் வெறுப்பு இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் எழுந்தேன். அவர் கண்கள் என்னோடு எழுந்தன.

ஓரடி விலகினேன். கண்களும் விலகின.

"இல்லம்மா," என்றார் லியோனி, மிகவும் பணிவாக. "எனக்கு யாரும் தெரியல."

பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் கதவைத் திறந்துகொண்டு வெயிலுக்குள் ஓடினேன். பக்கத்து வீட்டுக்காரர் புல்வெட்டிக்கொண்டுதான் இருந்தார். வணக்கம் சொல்லக் கையை உயர்த்தினார். நான் திரும்பி வந்தபோது கேசட் ஓடி முடிந்திருந்தது. அதைத் தோட்டத்திலிருந்த தகரப்பீப்பாயில் போட்டு எரித்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போலத் தளத்தைத் திறந்தேன். என் ஒப்புதலுக்காக ஒரு பரிந்துரை காத்திருந்தது. லியோனி பிராக்கின் கணக்கிலிருந்து வந்திருந்தது. அனுப்பிய நேரம் அன்று காலை ஏழு மணி. படத்தின் பெயர், உப்பறை. நீளம் என்ற இடத்தில் 'இன்னும் முடியவில்லை' என்று எழுதப்பட்டிருந்தது.

விதிப்படி, கடைசிக் காட்சியும் நிரப்பப்பட்டிருந்தது.

"ஒரு ஆள் எழுந்து கதவுப் பக்கம் ஓடுகிறார். அவருக்குப் பின்னாடி மூன்றாவது நாற்காலி போடுகிறார்கள்."